கோட்டு வேண்டாம்; மூன்று சட்டை போதும்!

மாலை 4 மணி. மலை உச்சி.

காலையில் ஏறத் தொடங்கிய ஒரு வாலிபர் அங்கே வந்து சேருகிறார். முதுகில் பை. உடம்பில் ஒரு பருத்திப் பனியன். அதன் மேல் ஒரு கனத்த கோட்டு. பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. "அப்பாடா!" என்று ஒரு பாறையில் உட்காருகிறார்.

சில்லென்று காற்று வீசுகிறது. பத்தே நிமிஷம். பல் கிட்டுகிறது. கை விறைக்கிறது. கோட்டை இழுத்து இழுத்து மூடுகிறார். நடுக்கம் நிற்கவில்லை.

கோட்டு கனமான கோட்டுதான். ஆனால் குளிர் கோட்டுக்கு வெளியே இல்லை. உள்ளே இருக்கிறது! அவரை நடுங்க வைத்தது மலை அல்ல, அவருடைய பனியன்!

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. சரியான துணி இல்லாமல் மலைக்குக் கிளம்புகிற எவருக்கும் நேரக்கூடியது.

மலை ஏறும் ஆசை நம் மக்களிடம் இப்போது வளர்ந்திருக்கிறது. 2024-ம் ஆண்டில் தமிழக வனத்துறை மலையேற்றத்துக்கு என்றே 40 பாதைகளை அறிவித்தது. கல்லூரி மாணவர்கள் போகிறார்கள். கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு போகிறார்கள். மலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கி வருகிறார்கள். நல்ல காரியம். உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஆனால் என்ன உடுத்திக்கொண்டு போவது? இதைப் பற்றி மட்டும் பலர் நினைப்பதே இல்லை. "பெட்டியில் ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது, போதும்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

போதாது! ஏன் போதாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மேலே போகப் போக

தரையிலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், வெப்பம் ஏறக்குறைய 6½ டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியை விட ஊட்டியில் 14 டிகிரிக்கு மேல் குறைவு!

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் புல்வெளிகள் விடியற்காலையில் உப்பைத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். அது உறைபனி. தண்ணீர் உறையும் அளவுக்கு அங்கே குளிர் இறங்குகிறது.

சென்னையிலும் மதுரையிலும் வியர்வை துடைத்துப் பழகிய உடம்பு நம் உடம்பு. அதைத் திடீரென்று அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம். துணைக்கு ஒரே ஒரு ஸ்வெட்டர்!

கம்பளி சூடு தருமா?

"கம்பளி சூடு தரும்" என்று எல்லோரும் சொல்லுகிறோம். உண்மையில் எந்தத் துணியும் சூடு தராது.

ஐஸ் கட்டி விற்பவர் அதை எப்படி வைத்திருப்பார்? மரத்தூளில் புதைத்து, சாக்கைப் போட்டு மூடிவைப்பார். சாக்கு சூடு தருவதாக இருந்தால் ஐஸ் உருகிவிட வேண்டுமே! உருகுவது இல்லை. சாக்கும் மரத்தூளும் வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே விடுவது இல்லை.

கம்பளி செய்வதும் அதே வேலைதான். உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடுவது இல்லை. அந்த வெப்பம் யாருடையது? உங்களுடையது. நீங்கள் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்தது. உடம்புதான் அடுப்பு. துணி வெறும் மூடி.

அந்த மூடி எதனால் ஆனது? நூலால் என்று நினைப்பீர்கள். இல்லை, காற்றால்! நூலுக்கும் நூலுக்கும் இடையே சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறதே காற்று, அதுதான் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. எவ்வளவு காற்று அசையாமல் நிற்கிறதோ அவ்வளவு கதகதப்பு.

ஆகையால், நாம் கடையில் வாங்குவது துணியை அல்ல, காற்றை! காற்றுக்குக் கனம் ஏது? கனமான கோட்டுதான் குளிரைத் தாங்கும் என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மண்பானை ஆகாதீர்கள்!

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பானையின் மேலே நீர் கசிகிறது. அது ஆவியாகப் போகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

நனைந்த பருத்திப் பனியனும் இதைத்தான் செய்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் காயாது. அது காயும் வரை உங்கள் உடம்புச் சூட்டைத் திருடிக்கொண்டே இருக்கும். நீங்களே ஒரு மண்பானை ஆகிவிடுகிறீர்கள்!

தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். நூல்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் வியர்வை வந்துவிட்டால், சட்டை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பருத்தியை நாம் குறை சொல்லவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அதற்கு ஈடு இணை இல்லை. ஆனால் வெயிலுக்கு அது செய்யும் உதவியே குளிரில் உபத்திரவம் ஆகிறது. ஜீன்ஸ் கால்சட்டையும் பருத்திதான். மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். மலையில் அதற்கு வேலை இல்லை.

அந்த மூன்று சட்டைகள்

ஒரு கனத்த கோட்டுக்குப் பதிலாக மூன்று மெல்லிய உடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு கிலோ கூட வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

முதலாவது, உடம்பை ஒட்டிய உடை. இதன் வேலை வியர்வையை வெளியே தள்ளுவது. விளையாட்டு வீரர்கள் போடுகிற மெல்லிய பாலியஸ்டர் பனியன் போதும். வசதி இருப்பவர்கள் மெரினோ கம்பளிப் பனியன் வாங்கலாம். மெரினோ என்பது ஒரு ஜாதிச் செம்மறி ஆடு. அதன் ரோமம் மிக மெல்லியது, உடம்பை அரிக்காது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோல் தெரியாது. கொடைக்கானல் அருகே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெரினோ கலப்பில் உருவான பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள்.

இரண்டாவது, நடு உடை. காற்றைச் சிறைப்பிடிப்பது இதன் வேலை. இதற்கு ஃப்ளீஸ் என்னும் துணி நல்லது. பூனைக்குட்டியைத் தொட்டதுபோல மெத்தென்று இருக்கும். பாலியஸ்டர் நூலால் ஆனது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் இது புழக்கத்துக்கு வந்தது. தண்ணீரில் நனைத்து உதறினால் பாதி ஈரம் அங்கேயே போய்விடும். சுமார் 300 கிராம் எடைதான். விலையும் அதிகம் இல்லை.

மூன்றாவது, வெளி உடை. காற்றையும் மழையையும் தடுப்பது இதன் வேலை. மெல்லிய மழைக்கோட்டு போதும். ஃப்ளீஸுக்கு ஒரு குறை உண்டு. காற்று அதை ஊடுருவிவிடும். சிறைப்பட்ட காற்றை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் இந்தக் கதவு.

சட்டைக்குச் சட்டை நடுவிலும் கொஞ்சம் காற்று நிற்கும். அதுவும் லாபம். ஆனால் ஒன்றை ஒன்று நெருக்கக் கூடாது. இறுக்கினால் காற்று ஓடிவிடும். மேலே போடுவது கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

சிரித்தவர்கள் வாய் மூடினார்கள்

இரவில் தங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பஞ்சுக் கோட்டு. இதற்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது.

1922-ம் ஆண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற ஒரு பிரிட்டிஷ் குழு வந்தது. எல்லோரும் கம்பளியும் பட்டும் அணிந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் விசித்திரமாக ஒரு கோட்டு போட்டிருந்தார். பலூன் செய்கிற துணிக்குள் ஈடர் என்ற வாத்தின் மெல்லிறகைத் திணித்துத் தைத்த கோட்டு. அவர் பெயர் ஜார்ஜ் ஃபின்ச். ரசாயன விஞ்ஞானி. குழுவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். மலை மேலே குளிர் கடித்தபோது கேலி போய்விட்டது, பொறாமை வந்தது! அந்த ஆண்டு ஃபின்ச் சுமார் 8,300 மீட்டர் உயரம் வரை ஏறினார். அதற்கு முன்பு யாரும் அவ்வளவு உயரம் ஏறியது இல்லை.

இந்த ஃபின்ச் பிற்காலத்தில் நம் நாட்டுக்கே வந்தார். 1952 முதல் 1957 வரை புனாவில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். 1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டபோது அவர்கள் உடம்பிலும் இறகு அடைத்த உடை இருந்தது.

அமெரிக்காவில் எட்டி பாயர் என்று ஒருவர். விளையாட்டுச் சாமான் கடைக்காரர். 1930-களில் குளிர் காலத்தில் மீன் பிடிக்கப் போனார். பிடித்த மீனைச் சுமந்துகொண்டு மேடு ஏறினார். வியர்த்தது. கம்பளி உடை நனைந்தது. நனைந்த உடை குளிரில் விறைத்தது. கண் சொருகி, உயிர் போகும் நிலைக்கு வந்துவிட்டார். கூட வந்த நண்பர் காப்பாற்றினார். பிழைத்து வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? இறகு அடைத்த கோட்டு ஒன்றைத் தயாரித்தார். இறகு ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் இருக்க, கோட்டைக் கட்டம் கட்டமாகத் தைத்தார். 1940-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் வரி வரியாக உப்பித் தொங்குகிற கோட்டுகள் எல்லாம் அதன் வாரிசுகளே.

நம் கதைகளில் ராஜகுமாரிகள் அம்சதூளிகா மஞ்சத்தில் படுப்பார்கள். அன்னத்தின் மெல்லிறகால் ஆன படுக்கை. அதே சரக்குதான் இது!

இறகா, செயற்கைப் பஞ்சா?

வாத்தின் மார்புப் பக்கத்து மெல்லிறகுக்குத் 'தூவி' என்று பெயர். ஒரு கை அளவு தூவி விரிந்து ஒரு கூடை காற்றைப் பிடித்துக்கொள்ளும். மடக்கினால் சிறிய பொட்டலம் ஆகிவிடும். கனமே இருக்காது.

இந்தக் கோட்டுகளில் 550, 650, 800 என்று ஓர் எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதற்கு அடையாளம் அது. எண் கூடினால் விலையும் கூடும். அதே கதகதப்புக்குக் கனம் குறையும்.

ஆனால் தூவிக்கு ஒரு சத்துரு உண்டு. தண்ணீர்! நனைந்தால் கோழி நனைந்த மாதிரி ஒட்டிப்போய்விடும். காற்றும் போகும், கதகதப்பும் போகும்.

செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம். மடித்தால் கொஞ்சம் பெரிது. ஆனால் நனைந்தாலும் ஓரளவு காப்பாற்றும். விலையும் மலிவு.

நமக்கு எது ஏற்றது? நம் மலைகளில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் குளிரும் சேர்ந்தே வரும். ஆகவே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போகிறவர்களுக்கு ஃப்ளீஸும் மழைக்கோட்டும், தங்குவதானால் ஒரு செயற்கைப் பஞ்சுக் கோட்டும் போதும். தூவிக் கோட்டுக்குப் பணத்தைக் கொட்டவேண்டிய அவசியம் இல்லை. இமயமலைப் பக்கம் போகிறவர்களுக்கு அது தேவைப்படும்.

போடத் தெரியவேண்டும், கழற்றவும் தெரியவேண்டும்

துணி வாங்கிவிட்டால் மட்டும் போதாது. முக்கியமான வித்தை ஒன்று இருக்கிறது. வியர்ப்பதற்கு முன்பே கழற்றவேண்டும். குளிர்வதற்கு முன்பே போடவேண்டும்!

நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிரட்டும். பரவாயில்லை. பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும். அப்போது நடு உடையைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். ஏற்றத்தில் மெல்ல நடங்கள். உச்சிக்கு வந்ததும் வியர்வை காயட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

கனத்த கோட்டுக்காரருக்கு இந்த வசதி கிடையாது. போட்டால் வியர்வை, கழற்றினால் நடுக்கம்!

தலைக்குக் குல்லாய், காதுக்கு மப்ளர், கைக்கு உறை, காலுக்கு இரண்டு ஜோடிக் காலுறை. இவற்றை மறக்காதீர்கள். ஒரு ஜோடிக் காலுறையும் ஒரு பனியனும் இரவுக்கு என்று தனியாக, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள். உயிரே போனாலும் அதைப் பகலில் தொடக்கூடாது!

தைப் பனி தரையைத் துளைக்கும்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. கூடாரத்தில் படுக்கிறவர்களுக்குத் தரைதான் பெரிய எதிரி. எவ்வளவு நல்ல கோட்டு போட்டிருந்தாலும், படுத்தவுடன் முதுகுப் பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிடும். காற்று போய்விடும். தரை சூட்டை உறிஞ்சும்.

ஆகவே மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரிப்பதைக் கவனியுங்கள். ரப்பர் பாய் இருந்தால் நல்லது. இல்லையானால் காய்ந்த வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரிக்கலாம். அதுவும் இல்லையா? நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் பத்திரிகை! பழைய பத்திரிகைகளை நான்கைந்து அடுக்காக விரித்துப் படுங்கள். ஐரோப்பாவில் சைக்கிள் பந்தய வீரர்கள், மலையிலிருந்து இறங்கும்போது சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் பத்திரிகையைச் செருகிக்கொள்வது வழக்கம். தாளுக்கும் தாளுக்கும் நடுவே காற்று. அதே சூத்திரம்!

இரண்டு எச்சரிக்கைகள்: ஃப்ளீஸ் போட்டுக்கொண்டு நெருப்பின் அருகே உட்காராதீர்கள். ஒரு பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளும், கதவு மூடிய அறைக்குள்ளும் ஒருக்காலும் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் மலை ஊர்களிலேயே அப்படித் தூங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருக்கிறோம். குளிருக்குச் சட்டை போடுங்கள். நெருப்பை மூட்டிக்கொண்டு தூங்காதீர்கள்.

கடையில் என்ன பார்க்கவேண்டும்?

கையில் எடுத்துக் கசக்குங்கள். விட்டவுடன் உப்பி எழுந்தால் நல்ல பஞ்சு. சப்பென்று கிடந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு எளிதாக அந்தப் பக்கம் போனால், அதற்கு மேலே ஒரு காற்றுத் தடுப்பு வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

போட்டுப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்குங்கள். இடுப்புத் தெரிந்தால் அது உங்களுக்கு ஆகாது.

உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். "தெர்மல்" என்று எழுதியிருந்தால் மட்டும் ஏமாறாதீர்கள். பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது "வளரும் பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் குளிர் புகும். பிள்ளைகளின் சிறிய உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

நடுக்கம் நின்றால் ஆபத்து!

நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பனிமலை தேவை இல்லை. 10 டிகிரிக் குளிரில், ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தாலே போதும்.

முதலில் நடுங்கும். பிறகு பேச்சுக் குழறும். கால் தடுமாறும். பித்துப் பிடித்தவர்போலப் பேசுவார். அதன் பிறகு நடுக்கம் நின்றுவிடும். "அப்பாடா, நின்றுவிட்டது" என்று நிம்மதி அடையாதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து!

உடனே ஈர உடையைக் கழற்றுங்கள். காய்ந்த உடை போட்டுப் போர்த்துங்கள். காற்று படாத இடத்தில், தரைக்கு மேல் எதையாவது விரித்துப் படுக்க வையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால், சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

"ஒரு மடக்குக் குடித்தால் குளிர் போய்விடும்" என்பார்கள். தப்பு! மது தோலில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடிவிடுகிறது. சூடாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

யார் கவனிக்க வேண்டும்?

கடைசியாக ஒன்று. மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகிற பள்ளிகள், கல்லூரிகள், பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்கவேண்டும்.

புறப்படும்போது தலைகளை எண்ணுகிறீர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை எண்ணுகிறீர்கள். பைக்குள் காய்ந்த பனியன் இருக்கிறதா, மழைக்கோட்டு இருக்கிறதா என்று ஏன் பார்ப்பது இல்லை? ஒரு வாரம் முன்பே உடைகளின் பட்டியலைக் கொடுங்கள். கிளம்பும் காலையில் ஒவ்வொரு பையையும் திறந்து பாருங்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்க நான்கைந்து உடைகளைக் கூடவே எடுத்துப்போங்கள். வசதி இல்லாத பிள்ளை "என்னிடம் இல்லை" என்று சொல்ல வெட்கப்படும். நடுங்கிக்கொண்டே நடக்கும். அந்தப் பிள்ளையை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

மலைக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. போங்கள்! பிள்ளைகளை அழைத்துப் போங்கள். விடியற்காலைப் பனியில் சூரியன் எழுவதைக் காட்டுங்கள்.

ஆனால் கிளம்புவதற்கு முன்பு பெட்டியைத் திறந்து அந்தக் கனத்த கோட்டை வெளியே எடுத்து வையுங்கள். அதன் இடத்தில் மூன்று மெல்லிய உடைகளை வையுங்கள். முதுகுச் சுமையும் குறையும், உயிருக்கும் காவல்!